வாசற்படி தாண்டாத பால்

பாலுக்கு உறை ஊற்ற வீட்டில் மோர் இல்லையென்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்போம். எங்கள் எதிர்வீட்டு அக்கா நிற்கமாட்டாள். பச்சை மிளகாயின் காம்புகளைக் கிள்ளி வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடி வைத்துவிடுவாள். மறுநாள் தயிர் தோய்ந்திருக்கும், லேசாக மிளகாய் வாசத்தோடு. அந்தத் தயிரை ஒருநாள் வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் இவள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று எனக்கு உறைத்தது. ஒரு கரண்டி மோர் கேட்க வாய் வராமல் மிளகாய்த் தயிர் சாப்பிடுகிறவளை வேறு என்னவென்று சொல்ல?

நான் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். விழுப்புரத்தில் நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் வரிசையாக இருந்த ஒரு காம்பவுண்டு. காபித்தூள், தீப்பெட்டி, குடை, இஸ்திரிப் பெட்டி, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக வளையல் என்று எல்லாம் வீட்டுக்கு வீடு போய் வந்துகொண்டிருக்கும். கல்யாணமாகி திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் மலை தெரிகிற இந்த ஊருக்கு வந்தபோது என் சீர்வரிசையோடு இந்தப் பழக்கமும் வந்தது. வந்த ஒரு மாதத்தில் தெருவில் யார் வீட்டில் பெரிய இட்லிப் பானை இருக்கிறது, யார் வீட்டில் ஏணி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எதிர்வீட்டில் மட்டும் என் பழக்கம் செல்லுபடியாகவில்லை. அங்கே போய்க் கேட்டால் எதுவும் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து யாரும் எதையும் கேட்டு வரமாட்டார்கள்.

நான் சொல்லப்போவது நடந்தபோது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே மகள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அரை ஏக்கர் நிலம், ஏழெட்டுச் செம்மறி ஆடு, ஓட்டு வீடு ஒன்று, அவ்வளவுதான் அக்காவின் சொத்து. ஆள் ஒல்லி. நடை மட்டும் ஓட்டமாக இருக்கும்.

புல்லுக்கட்டைத் தலையில் ஏற்ற ஒரு கை வேண்டும். காட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தூக்கி வுடும்மா" என்பார்கள். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. அக்கா அதையும் கேட்கமாட்டாள். கட்டை இழுத்துக்கொண்டு போய் வரப்பு மேட்டில் நிறுத்துவாள். தான் கீழே பள்ளத்தில் இறங்கி, குனிந்து, தலையைக் கட்டுக்கு அடியில் கொடுத்து, முட்டியில் கையை ஊன்றி எழுந்துகொள்வாள். சில நாள் கட்டு சரிந்து விழும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பத்தடி தள்ளி நான் நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்துச் சிரிப்பாள், ஆனால் கூப்பிடமாட்டாள். நானாகப் போய்க் கை கொடுத்தால், "ஐயோ, ஒனக்கு இன்னாத்துக்கும்மா செரமம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் திண்டிவனத்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸைத் தவறவிட்ட அக்கா தவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறாள். வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "நீ போப்பா, எனக்கு இங்க ஒரு வேல இருக்குது" என்றாளாம். சுற்றிலும் பொட்டல். ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. அந்த வெயிலில் மூட்டையோடு அவளுக்கு அங்கே என்ன வேலை என்று அவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

இதைவிட என்னை எரிச்சல்படுத்தியது பாத்திர விஷயம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஒரு வாரம் கழித்து வீட்டில் ஏதாவது செய்யும்போது ஒரு கரண்டி வைத்துக் கொடுப்போம், இல்லையென்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். அக்காவுக்கு அரைமணி நேரம்கூடப் பொறுக்காது. நான் பொங்கல் கொடுத்துவிட்டு வந்து முகம் கழுவி நிமிர்வதற்குள் கிண்ணம் நிறைய மல்லாட்டையோடு வாசலில் நிற்பாள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அவள் நிலத்தில் விளைந்த நல்ல கொட்டைதான். ஆனால் எனக்கு அது மல்லாட்டையாகத் தெரியாது. 'உன்னுடையது எனக்கு வேண்டாம், இந்தா பிடி' என்று சொல்வதாகத் தெரியும்.

ரோஷக்காரி என்று தெருவில் பெயர். திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஐப்பசி மாதம், விட்டுவிட்டு மழை. அன்று விடியற்காலையில் எங்கள் மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. வீடே சந்தோஷத்தில் இருந்தது. கன்று வயிறு முட்டக் குடித்தது போக மிச்சமிருந்த சீம்பாலை மாமியார் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிளறினார். தெருவுக்கே கொடுத்தோம். எதிர்வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். பதினோரு மணிக்குக் கொடுத்தேன். பதினொன்றேகாலுக்குக் கிண்ணம் திரும்பி வந்துவிட்டது, மல்லாட்டையோடு. ஒரு கன்று பிறந்த சந்தோஷத்தைக்கூட இவள் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளமாட்டாளா என்று எனக்குக் கோபமான கோபம். மல்லாட்டையைக் கூடையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நங்கென்று வைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய ஆடு ஈன்றது. இரண்டு குட்டி. முதல் குட்டி விழுந்த ஐந்து நிமிஷத்தில் எழுந்து நின்று காம்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கிடந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்னது. ஆடு அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. அக்கா பழைய புடவையால் அதைத் துடைத்தாள். காம்பில் கொண்டுபோய் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. ஆட்டின் மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகிக் கிடந்தது. இன்னொரு பக்கம் இருந்த கொஞ்சத்தைப் பெரிய குட்டி குடித்துத் தீர்த்திருந்தது. இதையெல்லாம் நான் எங்கள் மாட்டுக்கொட்டகையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் தெருதானே.

நாலரை மணிக்கு அக்கா மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் மயிலம் பக்கம் ஏதோ முகாமில் இருந்தார். அக்காவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. முதலில் குட்டிக்குச் சூடு ஏற்றுங்கள், சூடு வராமல் பால் ஊற்றாதீர்கள். பிறகு சீம்பால் கொடுங்கள், தாயிடம் இல்லையென்றால் பசுவின் சீம்பாலும் ஆகும், காய்ச்சாமல் கொடுக்க வேண்டும், இன்று ராத்திரிக்குள் அது வயிற்றில் இறங்காவிட்டால் குட்டி தங்காது. இவ்வளவும் கேட்டது. ஊரில் அன்று கன்று போட்டிருந்த மாடு எங்களுடையது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஐந்து மணிக்கு நான் பால் கறக்க உட்கார்ந்தேன். மஞ்சளாக, கெட்டியாக, சொம்பில் பாதிக்கு வந்தது. எழுந்து திரும்பினால் எதிரே அக்கா குட்டியை மடியில் போட்டுக்கொண்டு என் கையிலிருக்கும் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ரோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்து, "இந்தாக்கா" என்று நான் கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கேட்கட்டுமே என்று இருந்தது எனக்கு. ஒரே ஒரு தடவை, எல்லா மனுஷர்களும் கேட்பதுபோல் இவளும் வாயைத் திறந்து கேட்கட்டும். கூடையில் கிடந்த மல்லாட்டை எல்லாம் சேர்ந்து என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆறு மணிக்கு மாமியார் விளக்கேற்றினார். என் மாமியாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷி, ஆனால் சாஸ்திரத்தில் கறார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து பால், மோர், உப்பு எதுவும் வாசற்படி தாண்டக்கூடாது. தாண்டினால் லட்சுமி கூடவே போய்விடுவாள். அவசரத்துக்கு உறைமோர் கேட்டு வந்த சொந்த நாத்தனாரையே வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர்.

விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குட்டியை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். நான் போய் நிலைப்படியில் நின்றேன்.

"மழ வுடாது போல இருக்குது" என்றாள்.

ஆமாம் என்றேன். கன்று நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது என்றேன். மாடு நஞ்சுக்கொடி போட்டுவிட்டதா என்றாள். போட்டுவிட்டது என்றேன். அதற்குமேல் அவளுக்குப் பேச ஒன்றுமில்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

முந்தானைக்குள்ளிருந்து குட்டியின் தலை நழுவி வெளியே தொங்கியது. அதைத் தூக்கி மறுபடி கைமேல் வைத்துக்கொண்டாள். அது மறுபடி தொங்கியது. அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கொஞ்சம் பால் குடேன்."

கேட்டுவிட்டாள். நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. திரும்பினால் பின்னால் தீப்பெட்டியோடு மாமியார்.

"வெளக்கு வெச்சாச்சே" என்றார் மாமியார்.

"சரி பெரிம்மா" என்றாள் அக்கா. உடனே திரும்பிவிட்டாள். குட்டி செத்துவிடும் என்று சொல்லவில்லை, அழவில்லை. அந்தச் 'சரி'யைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்தப் பதிலை எதிர்பார்த்தேதான் அவள் தெருவைத் தாண்டி வந்திருக்கிறாள்.

நான் மாமியாரிடம் எகிறினேன். அத்தை, அது உயிரு, இதுல போய் நாள் கெழம பாக்கறீங்களே என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பால் வெளிய போவக் கூடாதுன்னுதான் சொன்னேன். குட்டி உள்ள வரக் கூடாதுன்னு சொன்னனா? அவள கூப்புடு, போ."

நான் மழையில் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து ஆறு வருஷம். அக்கா எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூத்து. குட்டிக்குச் சூடு கொடுக்க குண்டு பல்பு தேடினோம். வீட்டில் எல்லாம் எல்இடி பல்பு. வெளிச்சம் வரும், சூடு வராது. கடைசியில் தண்ணீர் காயவைத்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, குட்டியின் இரண்டு பக்கமும் வைத்து, அடுப்பங்கரையில் கூடையில் படுக்கவைத்தோம். மாமியார் சீம்பாலை எடுத்துக்கொண்டு நேரே அடுப்பில் வைக்கப் போனார். சீம்பால் என்றால் அவர் கை தானாக வெல்லத்தைத் தேடும். "ஐயோ பெரிம்மா, வெச்சா கட்டியாப் பூடும்" என்று அக்கா தடுத்தாள். சொம்பை வெந்நீர் அண்டாவுக்குள் நிறுத்தி வெதுவெதுப்பாக்கினோம்.

அக்கா அவசரப்படவில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருக்கிறது என்று தலையாட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விரலை எடுத்துவிட்டு, "இப்ப குடு" என்றாள். நான் சொட்டாக நாக்கில் விட்டேன். பால் உள்ளே போகவில்லை, கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் வழிந்தது. மாமியார் என் மகனுக்குப் பால் புகட்டிய பாலாடையைப் பரணிலிருந்து தேடி எடுத்து வந்தார். ஊற்றினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும் என்று அக்கா அதையும் வேண்டாமென்றாள்.

"நீ பின்னால வா" என்றாள் என்னிடம். வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் கொடுத்தாள். "வாலடில தேய். தாய் நக்குற எடம் அது. தாய்தான் நக்குதுன்னு அது நெனச்சிக்கணும்."

நான் தேய்த்தேன். அவள் விரலைப் பாலில் தோய்த்துக் குட்டியின் வாயில் வைத்து மேலண்ணத்தை மெல்லத் தடவினாள். ஒன்றும் நடக்கவில்லை. தேய்த்துக்கொண்டே இரு, நிறுத்தாதே என்றாள். எனக்குக் கை கடுத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே கொடுத்திருந்தால் இதற்கு இந்தக் கதி வந்திருக்காது என்று மனசு ஒரு பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. இதப் பொழைக்க வெச்சிடு, என் மானத்தைக் காப்பாத்து என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

அப்போது என் கைக்குள் என்னவோ துடித்தது. குட்டியின் வால். முதலில் ஒருதரம் அசைந்து நின்றது. பிறகு படபடவென்று ஆட ஆரம்பித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்புது" என்றாள்.

மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். அடுப்புப் புகை என்றார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

குட்டி குடித்துவிட்டுத் தூங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், இன்னும் இரண்டு தடவையாவது கொடுத்தால்தான் ஆச்சு என்பதால் அக்கா அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. மாமியார் தட்டில் நாலு இட்லி வைத்து அவள் முன்னால் தள்ளினார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாங்கள் யாரும் கேட்காமலே சொன்னாள்.

"பொண்ணு கைக்கொழந்தையா இருக்கச்சே அவன் வுட்டுட்டுப் போய்ட்டான். கெடார் ஊர்ல இருக்கற எங்கம்மா வூட்டுக்குப் போனேன், ஒரு பை துணியோட. எங்கண்ணி வாசல்லயே நின்னுக்கினு, எத்தினி நாளைக்குன்னு கேட்டா. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சேன். வந்த பஸ்லயே திரும்பிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மாமியாரும் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. இன்னொரு இட்லியை அவள் தட்டில் போட்டார். அக்கா ஐந்து இட்லியையும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவப் போனவளிடமிருந்து நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாடு கறக்கும்போது மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். விளக்கேற்றுவதற்கு முன்னாலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"நேத்து நீ சொம்ப எடுத்துக்கினு உள்ள வந்தப்பவே பாத்தேன். வெளக்கு வெக்கிறதுக்குள்ள நீயா குடுத்துருவேன்னு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும்.

குட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் பசும்பால் வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் அக்கா வந்து தெருவிலேயே நின்றாள். மாமியார் உள்ளிருந்தபடி, சனிக்கிழமை பால் வெளியே கொடுத்தால் சனி பிடிக்கும், குட்டியை உள்ளே கொண்டுவா என்றார். ஞாயிற்றுக்கிழமை, மாடு கன்று போட்ட தீட்டு இன்னும் கழியவில்லை என்றார். திங்கட்கிழமை பிரதோஷம் என்றார். நான் காலண்டரைப் பார்த்தேன், பிரதோஷம் இல்லை. அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது. "பிரதோசம் போன வாரமே போய்ட்டுதே பெரிம்மா" என்றாள். ஆனால் குட்டியோடு உள்ளே வந்து குந்திக்கொண்டாள். செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு நாளுக்கும் மாமியாரிடம் ஒரு சாஸ்திரம் இருந்தது. சாஸ்திரத்தில் பாதி அந்த இரண்டு வாரத்தில் எங்கள் அடுப்பங்கரையில் பிறந்ததுதான். அக்கா கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் பால் தினமும் கிடைத்தது. பால் வாசற்படி தாண்டவே இல்லை.

குட்டிக்கு மாமியார் வெள்ளிக்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டார். பெட்டைக் குட்டி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து எங்கள் வாசற்படியைத் தாண்டி நேரே அடுப்பங்கரைக்கு வரும். மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தின்னும். எங்கள் கன்றுக்குட்டியை முட்டி வம்பிழுக்கும். பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தது இதுதானா என்று இருக்கும்.

அதற்காக அக்கா அடியோடு மாறிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். புல்லுக்கட்டை வரப்பு மேட்டில் நிறுத்தித்தான் ஏற்றினாள். தயிருக்கு மிளகாய்க் காம்புதான். கிண்ணம் கொடுத்தால் மல்லாட்டையோடு திரும்பி வந்தது, என்ன, அரைமணி நேரத்துக்குப் பதில் மறுநாள் வந்தது. எனக்கு அதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. ஆனால் நான் நிலைப்படியில் நின்ற விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சு பலதடவை நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அவள் மகளுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆனது. மகள் மாசமாக இருந்தபோது அக்காவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா ஆடுகளை விற்றாள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டாள். புறப்படுகிற அன்று காலையில் வெள்ளிக்கிழமையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அது இப்போது முழு ஆடு. கொழுகொழுவென்று இருந்தது.

"இது ஒங்க வூட்டுப் பால்ல பொழச்சது. ஒங்களுக்குத்தான்" என்றாள் மாமியாரிடம்.

மாமியார் கையை நீட்டவில்லை. "குடுக்கறியா, திருப்பிக் குடுக்கறியா?" என்றார்.

அக்கா ஆட்டின் முதுகைத் தடவினாள்.

"திருப்பிக் குடுக்கறதா இருந்தா ஓட்டிக்கினு போ. எனக்கு வேணாம்" என்றார் மாமியார்.

அக்கா கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். ஆடு உள்ளே போகிற அவசரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் நின்ற அதே நிலைப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் பார்வை தரைக்குப் போனது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"என்னால இத விக்க முடியல பெரிம்மா. நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்..."

அவள் முடிப்பதற்குள் நான் படியிறங்கிப் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னும் நான் கேட்டே முடிக்கலியேம்மா" என்றாள்.

"போன தடவ ரொம்ப நேரம் நின்னுட்டேன்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றாள் அக்கா.

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கையால் என் கன்னத்தை ஒருதரம் தொட்டாள். பிறகு பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, எங்கள் வாசற்படியில் குந்தினாள். ஆடு அவள் முழங்கையை முகர்ந்துவிட்டு உள்ளே போனது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. ஒரு காப்பி போட்டுக் குடேன்" என்றாள்.

உள்ளே ஓடினேன். டப்பாவைத் திறந்தால் காபித்தூள் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.